வீடு வாங்குமுன் யாரிடம் போவது?

"பத்திரம் பதிவாகிவிட்டது. இனி வீடு நம்முடையதுதான்."

வீடு வாங்கிய பலரும் இப்படித்தான் சொல்வார்கள். பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்தாயிற்று. படம் எடுத்தாயிற்று. சார்பதிவாளர் முத்திரை போட்டுவிட்டார். அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு என்ன பயம்?

பயம் இருக்கத்தான் செய்கிறது. பதிவு அலுவலகம் எந்த வேலையைச் செய்கிறது, எந்த வேலையைச் செய்வதில்லை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் பத்திரப் பதிவுக்கு 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீட்டை விற்றால், அந்தக் கிரயப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத பத்திரத்தால் வீடு கைமாறாது. ஆகவே பதிவு தேவைதான். ஆனால் பதிவு என்றால் என்ன? இன்னார் இன்னாருக்கு இந்தத் தேதியில் இப்படி எழுதிக் கொடுத்தார் என்பது அரசாங்கப் புத்தகத்தில் ஏறுகிறது. அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவர்தான் அந்த வீட்டின் சொந்தக்காரரா? அந்தக் கேள்விக்குப் பதிவு அலுவலகம் பொறுப்பு ஏற்பதில்லை.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாகச் சொன்னது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்பது தீர்ப்பு. தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் விற்றால், வாங்கியவருக்கும் அது வராது. பத்திரம் மட்டும் கையில் இருக்கும்.

அப்படியானால் ஆராய வேண்டியவர் யார்? வாங்குபவர்தான். அவரால் முடியாததை அவருக்காகச் செய்பவர் வக்கீல்.

யார் யாருடைய ஆள்?

ஒரு வீடு கைமாறும்போது பலர் வந்து போகிறார்கள். எல்லோரும் உதவி செய்வதுபோலவே தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் யாருக்காக வேலை செய்கிறார் என்று கவனிக்க வேண்டும்.

தரகருக்கு வியாபாரம் முடிந்தால்தான் கமிஷன். வியாபாரம் நின்றால் அவருக்குக் கூலி இல்லை. அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனாலும் "இந்த வீடு வேண்டாம்" என்று சொல்வது அவருக்கு நஷ்டம்.

பத்திரம் எழுதுபவர் இன்னொருவர். பதிவுத்துறை உரிமம் பெற்ற ஆவண எழுத்தர்கள் பதிவு அலுவலகத்தின் அருகிலேயே இருப்பார்கள். நீங்கள் சொல்லும் விவரத்தை முறைப்படி எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. நீண்ட அனுபவம் உள்ள எழுத்தர்களுக்கு நிறைய விஷயம் தெரியும். ஆனால் முப்பது, நாற்பது வருடப் பழைய ஆவணங்களைப் படித்து, வாரிசு யார், பங்கு எவ்வளவு என்று சட்டப்படி ஆராய்ந்து கருத்துச் சொல்வது அவர்களுடைய பொறுப்பு அல்ல.

வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வக்கீல் ஆவணங்களைப் பார்ப்பார். அதற்கான கட்டணம் பெரும்பாலும் கடன் வாங்குபவர் தலையில்தான் விழும். "நாம்தானே பணம் கொடுத்தோம், அவர் நம் வக்கீல்தானே" என்று தோன்றும். அப்படி அல்ல. கொடுத்த கடன் திரும்பி வருமா என்றுதான் அவர் பார்க்கிறார். அவர் எழுதும் கருத்துரை வங்கிக்குப் போகிறது. வங்கி வக்கீல் ஒரு குறை சொன்னால் அதை நிச்சயம் கேட்க வேண்டும். அவர் சரி என்று சொன்னால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

விற்பவர் "எங்க வக்கீலே எல்லாம் பார்த்துட்டார்" என்று சொல்லலாம். அவர் பார்த்தது விற்பவருக்காக.

உங்களுக்காக மட்டும் பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். அவரை நீங்கள்தான் தேட வேண்டும். அதுவும் முன்பணம் கொடுக்கும் முன்பே தேட வேண்டும். முன்பணம் கொடுத்த பிறகு வக்கீலிடம் போனால், அவர் சொல்வதைக் கேட்கும் மனநிலையே பாதிப் பேருக்கு இருப்பதில்லை.

செல்வி கேட்ட கேள்வி

செல்வி, முருகேசன் என்று ஒரு குடும்பம். முருகேசன் கொத்தனார். ஊரில் பல வீடுகளைக் கட்டியவர். சொந்த வீடு இல்லை. செல்வி வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார். பதினாறு வருடம் வாடகை வீடு. சீட்டுப் பணமும் சேமிப்புமாக மூன்று லட்சம் சேர்ந்தது. மீதிக்கு வங்கிக் கடன் வாங்கலாம் என்று நினைத்தார்கள்.

எட்டு லட்சத்துக்கு ஓட்டு வீடு ஒன்று வந்தது. தரகர் ஒரு பையில் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். விற்பவர் பெயரில் பட்டா. அவர் பெயரில் வீட்டு வரி ரசீது. பன்னிரண்டு வருடத்துக்கு வில்லங்கச் சான்று. அதில் எந்த வில்லங்கமும் இல்லை. அவருடைய அப்பா 1984-ல் வீட்டை வாங்கிய பத்திரத்தின் நகல்.

"அண்ணே, வேற பார்ட்டி பணத்தோட நிக்கிறாங்க. நாளைக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுத்துடுங்க. நம்ம வக்கீலே எல்லாம் பார்த்துட்டார்" என்றார் தரகர்.

முருகேசன் தலையாட்டினார். தரகர் போன பிறகு செல்வி கேட்டார்:

"ஏங்க, நம்ம வக்கீல்னு சொல்றாரே. அவர் யாரோட வக்கீல்? நாம அவரைப் பார்த்ததே இல்லையே!"

முருகேசனிடம் பதில் இல்லை. "வக்கீலுக்கு வேற தண்டச் செலவா?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தெருவில் வீடு வாங்கியிருந்த ஒரு டீச்சரிடம் செல்வி விசாரித்தார். டீச்சர் ஒரு பெண் வக்கீலின் பெயரைச் சொன்னார். தாலுகா நீதிமன்றத்துக்கு எதிரே அவருடைய அலுவலகம். சிவில் வழக்குகள் பார்ப்பவர். மறுநாள் இருவரும் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். வேலை தொடங்கும் முன்பே கட்டணம் ஐயாயிரம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

வக்கீலம்மா காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கினார்.

"அப்பா 1984-ல வாங்கியிருக்கார். அவர் எப்ப இறந்தார்?"

"2009-ன்னு சொன்னாங்கம்மா."

"உயில் எழுதினாரா?"

"தெரியலீங்கம்மா."

"அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரே பையன்னு தரகர் சொன்னாருங்க" என்றார் முருகேசன்.

பக்கத்து மேசையில் இருந்த வயதான குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "அந்த வீட்டுல ரெண்டு பொண்ணுங்க உண்டே! மூத்த பொண்ணு கல்யாணத்துல நான் சாப்பிட்டிருக்கேன்."

வாரிசுச் சான்று கேட்டு அனுப்பினார்கள். விற்பவர் முதலில் தயங்கினார். பிறகு கொண்டுவந்தார். அதில் நான்கு பெயர்கள் இருந்தன. அம்மா, மகன், இரண்டு மகள்கள்.

அப்பா தன் சொந்தப் பணத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இந்து வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, சீர் செய்தார்களா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. ஆக, மகனுக்கு இருந்தது கால் பங்கு. அவர் விற்க வந்தது முழு வீடு.

"பட்டா அவர் பேர்ல இருக்கேம்மா?" என்று கேட்டார் முருகேசன்.

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது உரிமைக்கு ஒரு துணைச் சான்று. ஆனால் பட்டா இருப்பதாலேயே ஒருவர் முழுச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். நீதிமன்றங்கள் பலமுறை இதைச் சொல்லியிருக்கின்றன.

"வில்லங்கம் இல்லைன்னு சான்று இருக்கே?" இது செல்வியின் கேள்வி.

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் ஏமாந்து போகிறார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். அந்தப் பெண்கள் தங்கள் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பாகப்பிரிவினையும் நடக்கவில்லை. எதுவும் பதிவாகவில்லை. அதனால்தான் சான்று சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தமே இங்கு சந்தேகத்துக்கு இடம். பெண்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது சான்றில் வந்திருக்க வேண்டும்.

அம்மாவும் மூத்த மகளும் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார்கள். இளைய மகள் வெளியூரில் இருந்தார். "என் பங்குக்குப் பணம் கொடுத்தால் வருகிறேன்" என்றார். அண்ணன் மறுத்துவிட்டார். வியாபாரம் நின்றது. ஐயாயிரம் ரூபாயும் வில்லங்கச் சான்றுச் செலவும் போனதுதான். முருகேசன் பல நாள் அதைச் சொல்லிப் புலம்பினார். ஒரு லட்சம் ரூபாய் மட்டும் வங்கிக் கணக்கிலேயே இருந்தது.

வக்கீல் தேடிப் பார்ப்பவை

வாரிசு ஒரு பக்கம். வேறு பல விஷயங்களும் உண்டு.

வில்லங்கச் சான்றை நீங்கள் கேட்கும் ஆண்டுகளுக்குத்தான் கொடுப்பார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டு போதாது. முப்பது ஆண்டாவது பார்ப்பது வழக்கம். தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அந்தச் சான்றில் வராதவை எவை என்பது வக்கீலுக்குத் தெரியும். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் பதிவாகாத உயில் இருந்தால் சான்றில் வராது. வீட்டின் மேல் நடக்கும் வழக்கு வராமல் போகலாம். வீட்டில் குடியிருப்பவர் யார் என்பதும் அதில் இருக்காது.

மூலப்பத்திரத்தின் நகலை மட்டும் காட்டினால் வக்கீல் அசலைக் கேட்பார். அசல் எங்கே? வங்கியில் அடமானமா? வட்டிக்காரரிடமா? தொலைந்துபோனதா? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வரும்வரை நகர வேண்டாம்.

சொத்தில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பங்கு இருந்தால் இன்னும் கவனம் தேவை. பிள்ளையின் சொந்தப் பங்கைத் தகப்பனோ தாயோ விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இந்துக்களுக்கு இது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு. பங்கு கணக்கும் வேறு. ஆனால் மகளுக்குப் பங்கு அங்கும் உண்டு.

விற்பவர் சொந்தக்காரர் அல்ல, பவர் வைத்திருப்பவர் என்றால்? பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். "கிரயம் வேண்டாம், பவராகவே எழுதிக்கொள்ளுங்கள், செலவு குறையும்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பவர் பத்திரத்தால் வீடு உங்களுக்குச் சொந்தமாகாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிலத்தின் வகையும் முக்கியம். கோயில் நிலமா, புறம்போக்கா, ஆதிதிராவிடர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா? பஞ்சமி நிலத்தை வேறு வகுப்பார் வாங்க முடியாது. மனை என்றால் அரசு அங்கீகாரம் உண்டா? இவற்றில் ஒன்று தவறினாலும் கட்டிய வீட்டோடு சிக்கல்.

உள்ளூர் வக்கீல் ஏன்?

நிலம் சம்பந்தமான பதிவுகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் என்பார்கள். பெங்களூரில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பம் கத்தா, பஹணி என்ற சொற்களைக் கேட்கும். அவை கன்னடத்தில் இருக்கும். மும்பைப் பக்கம் "சாத் பாரா" என்பார்கள். ஏழு, பன்னிரண்டு என்று பொருள். அது மராத்தியில் இருக்கும். புதுச்சேரியில் பழைய பத்திரங்கள் சில பிரெஞ்சு மொழியிலேயே இருக்கின்றன. ஊரில் இருக்கும் தெரிந்த வக்கீலை வெளிமாநிலத்துக்குக் கூட்டிப்போய்ப் பயன் இல்லை. வீடு எந்தத் தாலுகாவில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்து நீதிமன்றத்தில் தொழில் செய்பவரிடம் போவது நல்லது.

அவருக்கு அந்தச் சார்பதிவாளர் அலுவலகம் பழக்கம். எந்தத் தெரு கோயில் மனை, எந்த ஏரிக்கரையில் வழக்கு நடக்கிறது என்று தெரியும். ஒரு பெயர் சொன்னால் குடும்பமே நினைவுக்கு வரும். அந்தக் குமாஸ்தா சாப்பிட்ட கல்யாணச் சாப்பாட்டை வெளியூர் வக்கீல் சாப்பிட்டிருக்க முடியாது.

ஆனால் உள்ளூர் என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வக்கீல் விற்பவருக்கு உறவாகவோ, தரகருக்குக் கூட்டாளியாகவோ இருக்கலாம். வெட்கப்படாமல் நேராகக் கேட்க வேண்டும்: "இந்த விஷயத்தில் விற்பவருக்கும் நீங்கள்தான் வக்கீலா?" ஒரு விஷயத்தில் ஒரு தரப்புக்கு யோசனை சொன்ன வக்கீல், அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு வேலை செய்யக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி இருக்கிறது. நல்ல வக்கீல் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

தேடுவது எப்படி?

வக்கீல்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்றும் விதி உண்டு. ஆகவே பதிவு அலுவலக வாசலில் கையைப் பிடித்து இழுப்பவரை நம்பிப் போக வேண்டாம். அதே ஊரில் சமீபத்தில் வீடு வாங்கியவர்களைக் கேளுங்கள். இரண்டு, மூன்று பேரைக் கேளுங்கள். ஒரே பெயர் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அடிதடி வழக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர் பத்திரத்திலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. சொத்து வழக்குப் பார்ப்பவர் வேண்டும்.

வக்கீல் என்று சொல்லிக்கொள்பவர் எல்லோரும் வக்கீல் அல்ல. 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் உண்டு. அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதில் தவறு இல்லை.

கட்டணத்தை முதல் நாளே பேசிவிட வேண்டும். "பார்த்துக் கொடுங்க" என்றால் "எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள் ஐயா" என்று கேளுங்கள். வில்லங்கச் சான்று, நகல், வண்டிச் செலவு எல்லாம் அதில் சேர்ந்ததா, தனியா? எத்தனை நாளில் முடியும்? பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அசல் ஆவணம் எதையாவது கொடுத்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி வாங்குங்கள். வீட்டு விலையில் இத்தனை பங்கு, வியாபாரம் முடிந்தால்தான் கூலி என்று பேசும் வக்கீல் வேண்டாம். பலனைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை விதி தடுக்கிறது. வியாபாரம் முடிந்தால்தான் கூலி என்றால் அவரும் இன்னொரு தரகர் ஆகிவிடுகிறார்.

வாய் வார்த்தையாக "சரியா இருக்கு" என்பது போதாது. எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார், யார் பெயரில் உரிமை இருக்கிறது, என்ன குறை, அதை எப்படிச் சரிசெய்வது என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். இதைச் சட்டக் கருத்துரை என்பார்கள். "லீகல் ஒப்பீனியன்" என்றும் சொல்வார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் விளக்கிச் சொல்லும்படி கேளுங்கள். புரியும்வரை கேட்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2025-ல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எட்டு லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 72,000 ரூபாய். அரசு வழிகாட்டி மதிப்பு விலையைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னும் அதிகம். 72,000 ரூபாயைக் கட்டி ஆக வேண்டும் என்று கட்டிவிடுகிறார்கள். அந்தப் பத்திரம் செல்லுமா என்று பார்ப்பதற்குச் சில ஆயிரம் கொடுக்கத்தான் கை வருவதில்லை.

கையில் பணமே இல்லாதவர்கள் என்ன செய்வது? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அவர்களுக்காக இருக்கிறது. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வழக்கு நடத்த மட்டும் அல்ல, சட்ட விஷயத்தில் யோசனை கேட்கவும் இந்தச் சட்டம் இடம் தருகிறது. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வீடு செல்வி போன்ற ஒரு பெண்ணின் பெயரில் வாங்கப்படுகிறது என்றால் அவரே போய்க் கேட்கலாம்.

வக்கீலே தவறு செய்துவிட்டால்? 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வக்கீலின் சேவையில் குறை என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. நடத்தை கெட்ட வக்கீல் மீது மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். நஷ்டத்துக்கு சிவில் நீதிமன்றம் போக வேண்டும். அது நீண்ட வழி. ஆகவே தேடும்போதே நாலு பேரை விசாரிப்பது மேல்.

கையெழுத்துக்கு முதல் நாள்

ஒரு வருடம் கழித்து செல்விக்கும் முருகேசனுக்கும் வேறு வீடு அமைந்தது. கொஞ்சம் சிறியது. அதே வக்கீலம்மா எல்லாம் பார்த்துச் சரி என்றார். விற்பனை ஒப்பந்தம் எழுதினார்கள். தமிழ்நாட்டில் அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். முன்பணத்தை வங்கி மூலம் கொடுத்தார்கள். வீடு, நிலம் விற்பனையில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வங்கி மூலம் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சியும் இருக்கும்.

பத்திரத்தின் நகலை முதல் நாளே கேட்டு வாங்கும்படி வக்கீலம்மா சொல்லியிருந்தார். இது மிக முக்கியமான விஷயம். பதிவு அன்று கூட்டமும் அவசரமுமாக இருக்கும். "இங்க போடுங்க, அங்க போடுங்க" என்பார்கள். அப்போது படிக்க முடியாது.

இரவு கடை வேலை முடிந்த பிறகு செல்வி விளக்கடியில் உட்கார்ந்தார். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர் அவர். பத்திரத் தமிழ் கடினம். ஒரு வாக்கியமே அரைப் பக்கம் ஓடும். விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். எல்லாம் புரியவில்லை. ஆனால் பெயர்கள் புரிந்தன. எண்கள் புரிந்தன. பட்டாவைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார்.

பட்டாவில் சர்வே எண் 112/8. பத்திரத்தில் 112/3.

"ஏங்க, இங்க பாருங்க. இது எட்டு. இது மூணு."

முருகேசன் இரண்டையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "112/3 ரோட்டுக்கு அந்தப் பக்கம்ல வரும்?" என்றார்.

காலையில் எழுத்தர் மூன்றை எட்டாக மாற்றினார். இரண்டு நிமிட வேலை. அப்படியே பதிவாகியிருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். அதற்கு விற்றவர் மீண்டும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனவரை எங்கே தேடுவது?

பத்திரம் முழுவதையும் படிக்க முடியாதவர்களும் இவற்றை மட்டுமாவது படிக்க வேண்டும்: விற்பவர், வாங்குபவர் பெயரும் தகப்பனார் பெயரும், சர்வே எண், கதவு எண், நீள அகலம், மொத்தப் பரப்பு, கொடுத்த தொகை. செக்குபந்தியை வீட்டு வாசலில் நின்றுகொண்டு படிப்பது நல்லது. வடக்கே யார் வீடு, தெற்கே எந்தத் தெரு என்று நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவு முடிந்த பிறகு பட்டாவையும் வீட்டு வரியையும் வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். சிலர் இதை வருடக்கணக்கில் செய்யாமல் விடுகிறார்கள்.

கடன் இருந்தால்

வங்கிக் கடனில் வாங்கிய வீட்டின் அசல் பத்திரம் வங்கியில் இருக்கும். என்னென்ன ஆவணங்களை ஒப்படைத்தீர்கள் என்று பட்டியல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து வேறு வங்கியில் வட்டி குறைவு என்று கடனை மாற்ற நினைக்கலாம். அப்போது பத்திரங்கள் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போகும். பழைய பட்டியலை வைத்து ஒன்றுவிடாமல் சரிபார்க்க வேண்டும். புதிய வங்கிக்கும் ஒரு வக்கீல் இருப்பார். மறுபடியும் கட்டணம் வரும். வட்டியில் மிச்சமாகும் தொகை அந்தச் செலவைவிட அதிகமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடன் முழுவதும் அடைந்த பிறகு 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டது. வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். பத்திரம் கைக்கு வரும்போது அடமானம் பதிவாகி இருந்ததா என்று பாருங்கள். பதிவாகி இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் வங்கி எழுதிக் கொடுத்து, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகுதான் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் தீர்ந்ததாக வரும்.